இமாடினிப் இடைநிறுத்தம்: எந்த எண்ணிக்கையில் மறுபடி தொடங்குவார்கள்?

கேள்வி:
சிஎம்எல் (ஒரு வகை ரத்தப் புற்றுநோய்), நாள்பட்ட கட்டம். இமாடினிப் 400 மி.கி. தொடங்கி ஆறாவது வாரம். நியூட்ரோஃபில் (தொற்றை எதிர்க்கும் வெள்ளையணு) 800, பிளேட்லெட் 62,000. டாக்டர் மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். மறுபடி எப்போது, எந்த அளவில் தொடங்குவார்கள்? அதற்குள் நோய் ஏறிவிடாதா?

பதில் 1:
நியூட்ரோஃபில் 1,000-க்கோ பிளேட்லெட் 50,000-க்கோ கீழே போனால் நிறுத்துவதுதான் வழக்கம். இங்கே நியூட்ரோஃபில்தான் காரணம். வாரம் ஒரு சிபிசி (ரத்த அணுக்களை எண்ணும் சோதனை) பாருங்கள். நியூட்ரோஃபில் 1,500, பிளேட்லெட் 75,000 இரண்டையும் தொட்ட பிறகு அதே 400. மறுபடி விழுந்தால் திரும்ப நிறுத்தி, ஏறியதும் 300. நாமாக 200, 100 என்று குறைத்துக்கொள்ளவே கூடாது.

பதில் 2:
ஏன் விழுகிறது என்பது முக்கியம். தொடக்கத்தில் மஜ்ஜையில் பெரும்பாலும் நோய் அணுக்கள்தான். மருந்து அவற்றை அடக்கிவிடும். நல்ல அணுக்கள் தலையெடுக்க நாளாகும். ஆகவே இது மருந்து தோற்றதன் அறிகுறி அல்ல. சில வார இடைவெளியால் பயமில்லை, அடிக்கடி விடுவதுதான் ஆபத்து. இந்த நாட்களில் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ் தொட்டால் பாராசிட்டமால் போட்டுக் காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

பதில் 3:
மருந்தே இல்லாமல் இருந்து பார்ப்பது வேறு விஷயம், குழப்பிக்கொள்ள வேண்டாம். அதற்குக் குறைந்தது 3 வருடம் மருந்து, 2 வருடம் பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL, இந்த நோய்க்குரிய மரபணு) அளவு 0.01% அல்லது அதற்குக் கீழே வேண்டும். நிறுத்திய முதல் 6 மாதம் மாதாமாதம் அந்த அளவைப் பார்க்கும் பிசிஆர் (PCR) சோதனை. நோய் திரும்புவது பெரும்பாலும் அப்போதுதான். 0.1% தாண்டினால் உடனே மாத்திரை.