கணக்குப் பயம்: விட்டுப்போன பாடமா, வந்த வீடா?

கரும்பலகை:
பல்கலைக்கழகத்தில் முதலாண்டுக்குக் கணக்கு நடத்துகிறேன். "வீட்டில் படித்தவர்கள் இல்லை, அதனால் கணக்கென்றால் பயம்" என்று பலர் சொல்ல அடிக்கடி கேட்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. மாணவர்கள் பின்னம் வராமல், குறி மாற்றத் தெரியாமல் உள்ளே வருகிறார்கள். தொகையீடு வந்ததும் கை நடுங்குகிறது. அதற்குப் பெயர் விட்டுப்போன பாடம். 1990இல் ரே ஹெம்ப்ரீ என்ற ஆய்வாளர் கணிதப் பதற்றம் பற்றிய 151 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், பதற்றம் கூடியவர்களுக்கு மதிப்பெண் குறைவு என்றுதான் வந்தது. பயிற்சி கொடுத்தால் பயம் போகும். பின்னணியைச் சொல்லித் தேற்றினால் பையன் அப்படியே உட்கார்ந்துவிடுவான்.

மூன்றாம்வரிசை:
ஐயா, எங்கள் வீட்டில் பல்கலைக்கழகத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். பள்ளியில் கணக்கில் நான்தான் முதலிடம். பின்னமும் தெரியும், குறியும் தெரியும். முதல் வாரமே வகுப்பில் ஆசிரியர் நாலு படியைத் தாண்டிப் போய், "இது எல்லாருக்கும் தெரிந்ததுதான்" என்றார். எனக்குத் தெரியவில்லை. சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். நான் கை தூக்கவில்லை. அடுத்த வாரம் கேட்க வேண்டியவை மூன்றாகிவிட்டன. தேர்வில் தெரிந்த கணக்குகூட நினைவுக்கு வரவில்லை. வீட்டில் சொன்னால், "ரொம்பக் கஷ்டமா இருந்தா விட்டுட்டு வந்துடு" என்பார்கள். பாசத்தில்தான் சொல்கிறார்கள். அதற்கு மேல் சொல்ல அவர்களுக்கு வழி தெரியாது.

மறுதேர்வு:
நான் இதற்கு நேர்மாறு. அப்பா பொறியாளர், வீடு முழுக்கப் புத்தகம். ஆனாலும் எங்கள் வகுப்பிலேயே அதிகம் பயந்தவள் நான்தான். தினமும் பக்கத்தில் உட்கார்ந்து, "இதுகூடவா வரல?" என்பார். அந்தக் குரல் தேர்வு அறைக்குள்ளும் கூடவே வந்தது. வசதியில்லாத வீட்டுக்குத்தான் பயம் என்று எழுதிவிடாதீர்கள்.

பாடவேளை:
கரும்பலகை ஐயா, ஹெம்ப்ரீயைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். பதற்றத்தைக் குறைக்கும் உளவியல் பயிற்சி பெற்றவர்களுக்கு மதிப்பெண்ணும் ஏறியது என்பதும் அதே தொகுப்பில் இருக்கிறது. பாடம் தெரியாததுதான் ஒரே காரணம் என்றால் அது நடந்திருக்காது. பயத்தை விரட்டிக்கொண்டே கணக்குப் போடும்போது, நடுவில் வரும் விடையைப் பிடித்துவைக்க மனதில் இடம் போதுவதில்லை. 2001இல் ஆஷ்கிராஃப்ட், கிர்க் என்ற உளவியல் ஆய்வாளர்கள் காட்டியது இதைத்தான். 2018இல் பிரிட்டனில் பள்ளி மாணவர்களிடம் நடந்த ஆய்வில், கடும் கணிதப் பதற்றம் உள்ளவர்களில் 77 சதவீதம் பேர் சராசரியாகவோ அதற்கு மேலோ மதிப்பெண் வாங்குகிறவர்கள்.

மறுதேர்வு சொன்னதும் தனிக்கதை இல்லை. கணக்கென்றால் பதறும் பெற்றோர் வீட்டுப்பாடத்துக்கு அடிக்கடி உதவினால் பிள்ளைகள் குறைவாகவே கற்கிறார்கள் என்று 2015இல் ஓர் ஆய்வு வந்தது. அவருடைய அப்பாவுக்குக் கணக்கில் பயம் இருந்திருக்காது. ஆனால் பயம் வீட்டு மேசையிலிருந்தே ஏறும் என்பது இரண்டிலும் தெரிகிறது.

கரும்பலகை:
77 சதவீதம் பள்ளிப் பிள்ளைகளின் கணக்கு. என்னிடம் வருகிறவர்கள் வேறு. சரி, ஒப்புக்கொள்கிறேன் என்றே வையுங்கள். நான் என்ன செய்ய வேண்டும்? ஒவ்வொருவரிடமும் குடும்ப வரலாறு கேட்கவா?

பாடவேளை:
வேண்டாம். யூரி ட்ரைஸ்மன் என்ற கணித ஆசிரியர் செய்ததைப் பாருங்கள். 1970களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் நுண்கணிதத்தில் தொடர்ந்து தோற்றார்கள். பேராசிரியர்கள் வரிசையாகக் காரணம் சொன்னார்கள்: ஆர்வம் போதாது, பள்ளி அடிப்படை போதாது, வீட்டில் அக்கறை இல்லை, பணம் இல்லை. ட்ரைஸ்மன் கறுப்பின மாணவர்கள் 20 பேர், சீன வம்சாவளி மாணவர்கள் 20 பேர் என்று எடுத்துக்கொண்டு, எப்படிப் படிக்கிறார்கள் என்று கூடவே இருந்து பார்த்தார். அந்த நாலு காரணமும் நிற்கவில்லை. பெற்றோருக்கு அக்கறை நிறையவே இருந்தது. பள்ளியில் நல்ல மதிப்பெண்ணோடு வந்தவர்களும் தோற்றிருந்தார்கள். வித்தியாசம் வேறிடத்தில் இருந்தது: கறுப்பின மாணவர்கள் தனியாகவே படித்தார்கள். சீன மாணவர்கள் தனியாகப் போட்டுப் பார்த்துவிட்டு, மாலையில் கூடி, ஒருவர் தாளை ஒருவர் திருத்தினார்கள். எல்லாருக்கும் வராத கணக்கு எது என்று அங்கே தெரிந்துவிடும். தனியாக இருப்பவன் அதைத் தன் குறை என்றே நினைப்பான்.

பிறகு அவர் கடினமான கணக்குகளைக் கொடுத்துக் குழுவாகப் போடவைத்தார். பின்தங்கியவர்களுக்கான சிறப்பு வகுப்பு என்று பெயர் வைக்கவில்லை. தேர்ச்சி நன்றாகவே உயர்ந்தது.

கரும்பலகை:
அப்படியானால் பின்னணி காரணமில்லை என்றுதானே ஆகிறது?

மூன்றாம்வரிசை:
இல்லை ஐயா. யாருக்கு முதல் நாளே கூட்டு இருக்கிறது என்பதைப் பின்னணிதான் முடிவுசெய்கிறது. ஒரே பள்ளியிலிருந்து பத்துப் பேராக வந்தவர்கள் முதல் நாளே சேர்ந்து உட்கார்ந்தார்கள். அண்ணன் அக்கா படித்த வீட்டில் பழைய வினாத்தாள் இருக்கிறது, "அந்த ஆசிரியரிடம் போய்க் கேள், திட்டமாட்டார்" என்று சொல்ல ஆள் இருக்கிறது. ஆசிரியர் அறைக் கதவைத் தட்டலாம் என்பதே எனக்கு இரண்டாம் ஆண்டில்தான் தெரியும்.

கரும்பலகை:
"இது எல்லாருக்கும் தெரிந்ததுதான்" என்று நானும் வகுப்பில் சொல்கிறேன். நேரம் மிச்சமாகும் என்றுதான் சொல்லிவந்தேன். இனிச் சொல்லமாட்டேன். ஆனால் பின்னமே வராத நாலு பேரைச் சேர்த்து உட்காரவைத்தால் பின்னம் வந்துவிடாது. அந்த வேலை தனியாக நடந்தே ஆக வேண்டும், அதில் நான் மாறவில்லை. வரும் வாரம் வகுப்பின் கடைசி அரைமணியை நாலுநாலு பேராகப் பிரித்துப் பார்க்கிறேன்.

மறுதேர்வு:
பிரிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். எங்கள் குழுவில் பேனா எப்போதும் ஒருவன் கையில்தான் இருந்தது. அவன் எழுதினான், நாங்கள் மூன்று பேரும் தலையாட்டினோம்.

மூன்றாம்வரிசை:
கணக்குக்கு ஒருவர் என்று பேனாவை மாற்றச் சொல்லுங்கள் ஐயா. எழுதுகிறவர் மற்றவர்கள் சொல்வதை மட்டும் எழுதட்டும்.