பந்தலடியில் பார்த்தது: தோட்டக்காரர்கள் சிலரின் பகிர்வு

பாளையங்கோட்டையிலிருந்து

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வீட்டுக்குப் பின்னால் ஒரு பந்தல், மொட்டைமாடியில் கொஞ்சம் பைகள், அவ்வளவுதான் என் தோட்டம்.

தோட்டத்தில் தேவனைப் பார்த்தேன் என்று இங்கே சாட்சி பகிர்ந்தவர்களில் பூவின் அழகைப் பற்றி எல்லாரும் சொல்லியாயிற்று. நான் பூக்கும் நேரத்தைப் பற்றிச் சொல்கிறேன். மஞ்சள் பூசணிப் பூ விடியும்போதே விரிந்துவிடும். நான் சமையலை முடித்துவிட்டு வந்து பார்த்தால் சுருங்கிக் கிடக்கும். பாகலும் காலையில்தான். பீர்க்கன் சாயங்காலம் மஞ்சளாக விரியும், சுரை அந்தியில். எல்லாம் அடங்கின பிறகு புடலை, ஓரமெல்லாம் வெள்ளை நூல் நூலாகப் பிரிந்து. மில்லில் ஷிப்ட் மாறுகிற மாதிரி ஒரே பந்தலில் ஆள் மாறிக்கொண்டே இருக்கிறது. பகல் பூவுக்குத் தேனீ வருகிறது, ராத்திரிப் பூவுக்கு அந்துப்பூச்சி.

புடலைப் பூவைப் பார்க்க டார்ச் எடுத்துக்கொண்டு கிளம்பினால் வீட்டில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். உள்ளங்கை அகல அந்துப்பூச்சி ஒன்று உட்காராமலே பூவுக்கு முன்னால் அந்தரத்தில் நிற்கும். நீளமான குழாயை நீட்டித் தேனைக் குடித்துவிட்டு அடுத்த பூவுக்குப் போய்விடும். பார்க்க ஆள் இருக்கிறதா இல்லையா என்ற கவலையே அதற்குக் கிடையாது. எல்லாம் மனுஷனுக்காகவே படைக்கப்பட்டது என்று சண்டே ஸ்கூலில் படித்த பாடம் எனக்குக் கொஞ்சம் ஆட்டம் கண்டது அங்கேதான். புடலைப் பூ வெள்ளையாக இருப்பது இருட்டில் வருகிற அந்துப்பூச்சிக்காக. நம்முடைய கூட்டும் பொரியலும் அப்புறம்தான்.

கறிவேப்பிலையிலும் இதே கதை. இலைமேல் குருவி எச்சம் கிடக்கிறதே என்று தட்டப் போனால் அது நகரும். பட்டாம்பூச்சிப் புழு! எச்சம் என்று நினைத்துக் குருவிகளும் விட்டுவிடும். கொஞ்சம் வளர்ந்ததும் இலையோடு இலையாகப் பச்சைக்கு மாறிவிடும். அப்போது தொட்டுப் பாருங்கள், தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரட்டைக் கொம்பை நீட்டும், ஒரு நாற்றமும் வரும். நான் ஒரு செடியை அதற்கே விட்டுவிட்டேன். "புழு வளர்க்கவா செடி வைத்தாய்?" என்று மாமியார் இன்றைக்கும் கேட்கிறார்கள்.

அறுப்பின் பண்டிகைக்கு முதல் புடலை காணிக்கையாகச் சபைக்குப் போனது. அங்கே விட்ட ஏலம் கடைவிலையைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது, நம் ஊர் ஏலம் தெரியும்தானே. என் பேரைச் சொல்லி, இவர்கள் கைப்பட வளர்த்தது என்று மைக்கில் அறிவித்தார்கள். அந்துப்பூச்சி பேரையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று வாய்வரை வந்தது. சொன்னால் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஆளுக்கொரு பேச்சுப் பேசியிருப்பார்கள்.

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து

சிஸ்டர், நான் தாவரவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். அடுத்த தடவை பந்தலுக்குப் போனால், கொடி பிடித்து ஏறுகிற சுருள் இருக்கிறதே, அந்தப் பற்றுக்கம்பியையும் பாருங்கள். நுனி கயிற்றைப் பிடித்ததும் மீதிப் பாகம் சுருள ஆரம்பிக்கும். பாதிவரை ஒரு பக்கமாகச் சுருண்டிருக்கும், நடுவில் சின்னதாக ஒரு நேர்த்துண்டு, அப்புறம் எதிர்ப்பக்கமாகச் சுருண்டிருக்கும். இரண்டு முனையும் பிடிபட்ட ஒன்றை ஒரே பக்கமாகச் சுருட்டிக்கொண்டே போனால் முறுக்கேறிவிடும். பாதியில் திசை மாறினால் ஒன்றின் முறுக்கை மற்றது கழித்துவிடும். காற்றடித்தால் நீண்டு சுருங்கும், கொடி அறாது.

இதையெல்லாம் 1865-இல் விரிவாக எழுதியவர் பரிணாமக் கொள்கை சொன்ன டார்வின். அந்தப் பெயரைக் கேட்டதும் முகம் சுளிக்கிற பிரதர்ஸ் இங்கே இருப்பீர்கள், இருந்தாலும் மேலே படியுங்கள். அவரை இந்த ஆராய்ச்சிக்கு இழுத்தது அமெரிக்காவின் தாவரவியலாளர் ஏசா கிரே பூசணிக் குடும்பத்துப் பற்றுக்கம்பிகளைப் பற்றி 1858-இல் எழுதிய ஒரு சின்னக் கட்டுரை. விதையும் அனுப்பிக் கொடுத்தார். கிரே ஹார்வர்டில் பேராசிரியர், நல்ல விசுவாசி.

அதே கிரேக்கு 1860-இல் டார்வின் எழுதிய ஒரு கடிதம்தான் என்னை விடவே மாட்டேன் என்கிறது. சில குளவிகள் புழுவின் உடம்புக்குள் முட்டையிடும். குஞ்சுகள் புழுவை உள்ளிருந்தே உயிரோடு தின்று வளரும். அன்பும் சர்வ வல்லமையும் உள்ள ஒரு கடவுள் இதை வேண்டுமென்றே படைத்திருப்பார் என்று தன்னால் நம்ப முடியவில்லை என்கிறார் டார்வின்.

அந்தக் குளவிகளின் சொந்தக்காரர்கள் நம் தோட்டத்திலும் உண்டு. டிரைக்கோகிரம்மா என்ற குட்டி ஒட்டுண்ணிக் குளவிக்கான காகித அட்டையை நானே வாங்கித் தக்காளிக்குக் கட்டியிருக்கிறேன். அந்தக் குளவி புழு பொரிவதற்கு முன்னாலேயே, முட்டையிலேயே காரியத்தை முடித்துவிடும். காய்ப்புழு குறைந்தது, ஸ்தோத்திரம் சொல்லித்தான் தக்காளியைப் பறித்தேன். ஆனால் டார்வினுக்கு என்ன பதில் சொல்வது? வகுப்பில் பையன்கள் கேட்டபோதும் மணியடிக்கிறவரை சமாளித்திருக்கிறேனே தவிர, பதில் சொன்னதில்லை. தோட்டத்தில் தேவனைப் பார்த்தேன் என்று சாட்சி சொல்கிறவர்கள் இந்தக் குளவியையும் விடாமல் சொல்லவேண்டும் என்பது என் கட்சி.

கோயம்புத்தூரிலிருந்து

சார் அளவுக்கு எனக்குத் தெரியாது, அபார்ட்மெண்ட் பால்கனி ஆசாமி. காய்ப்பு ஓய்ந்த தட்டைப்பயறுச் செடியைப் பிடுங்கினால் வேரில் முண்டு முண்டாக இருக்கும். நோய் இல்லை, காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கும் பாக்டீரியா அதற்குள் குடியிருக்கிறது. ஒரு முண்டை நகத்தால் கிள்ளினேன், உள்ளே இளஞ்சிவப்பு. லெக்ஹீமோகுளோபின் என்று பெயராம், நம் இரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினுக்குச் சொந்தம். ஆக்சிஜன் மிஞ்சினால் பாக்டீரியாவின் வேலை கெட்டுவிடும், அறவே இல்லையென்றால் அது பிழைக்காது. அதனால் செடி இந்தச் சிவப்பை வைத்து அளந்து அளந்து கொடுக்கிறது. பயற்றஞ்செடிக்குள் இரத்தத்தின் சொந்தம் ஓடுகிறது என்று தெரிந்த அன்றைக்கு ஆபீஸில் வேலையே ஓடவில்லை.

மறுபடி பாளையங்கோட்டை

சார், அந்தக் குளவியை எனக்கும் தெரியும். என் கறிவேப்பிலையில் ஒரு கூட்டுப்புழு தொங்கியது. பட்டாம்பூச்சி வரும் என்று பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வராததுமாக ஓடி ஓடிப் பார்த்தாள். கடைசியில் கூட்டில் ஒரு பொத்தல், அதிலிருந்து எறும்பைவிடச் சின்னக் குளவிகள் வரிசையாக வந்தன. பிள்ளை அழுதுவிட்டாள். "ஆண்டவர் குளவிக்கும் சாப்பாடு போடவேண்டும் இல்லையா" என்றேன். "அதுக்கு ஏன் பாட்டி என் பட்டாம்பூச்சியைக் கொடுத்தார்?" என்றாள்.

அதற்கு மேல் என்னிடம் சரக்கில்லை. அதற்காக ஜெபத்தை நிறுத்தவும் இல்லை. படைத்தவர் என் சமையல்கட்டுக் கணக்குக்குள் அடங்குகிறவர் இல்லை என்று புடலைப் பூவை வைத்துச் சந்தோஷமாகச் சொன்னேன். குளவி விஷயத்திலும் அதையேதான் சொல்லவேண்டியிருக்கிறது, இந்தத் தடவை சந்தோஷமில்லாமல். பேத்தி இன்னும் சமாதானமாகவில்லை. நல்லவேளை, கேட்பதை நிறுத்தவும் இல்லை.

கோயம்புத்தூர் தம்பி, செடியைப் பிடுங்காமல் தரையோடு வெட்டிவிட்டு வேரை மண்ணிலேயே விடுங்கள், அடுத்து வைக்கிற கீரைக்கு உரமாகும். நாட்டுப் பீர்க்கன் விதை கைவசம் நிறைய இருக்கிறது. ஆடிப்பட்டத்துக்கு வேண்டுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள், தபாலில் போடுகிறேன். பந்தல் போட இடம் இருக்கிறவர்கள் மட்டும் கேளுங்கள். போன வருஷம் வாங்கிய ஒருவர் ஜன்னல் கம்பியில் ஏற்றிவிட்டு, இப்போது ஜன்னலைச் சாத்த முடியவில்லை என்று என்னிடம் சண்டைக்கு வருகிறார்.