மனநல ஆய்வில் தன்னார்வலராகச் சேருபவர்களுக்கு: கையெழுத்துக்கு முன்னும் பின்னும்

ஆய்வு நடப்பது ஒரு கேள்விக்கு விடை தேடி. உங்களைக் குணப்படுத்துவது அதன் வேலை அல்ல. இது மனதில் பதிந்துவிட்டால் பின்னால் வரும் ஏமாற்றத்தில் பாதி வராது. டாக்டர் பரிவாகப் பேசுவார், ரத்தம் எடுப்பார், மாத்திரை கொடுப்பார். அதைப் பார்த்துச் சிகிச்சைதான் நடக்கிறது என்று நம்பிவிடுவது இயல்பு. மனநல ஆய்வுகளில் சேர்ந்தவர்களிடம் இந்த நம்பிக்கை எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதைப் மனநல மருத்துவர் பால் ஆப்பெல்பாமும் உடன் பணியாற்றியவர்களும் 1982-லேயே சுட்டிக்காட்டினார்கள். யாருக்கு மருந்து, யாருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கல் தீர்மானிக்கும். உங்கள் நிலைமை அதில் கணக்கில் வராது.

ஒப்புதல் படிவத்தை அங்கேயே உட்கார்ந்து படித்து முடிக்க வேண்டியதில்லை. ஒரு பிரதியை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படியுங்கள். அதில் தேட வேண்டியவை: மொத்தம் எத்தனை முறை வர வேண்டும், ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம், எத்தனை மில்லி ரத்தம், ஆய்வினால் உடம்புக்கு ஏதாவது ஆனால் செலவு யாருடையது, இரவில் மனம் மோசமானால் யாரைக் கூப்பிடுவது, ஆய்வுக்கு அனுமதி தந்த நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண். பாதியில் விலகினால் அதுவரை சேர்ந்த தகவல் என்ன ஆகும் என்பதையும் கேளுங்கள். மருந்து ஆய்வுகளில் பெரும்பாலும் அது அழிக்கப்படாது. அதைப் பலர் கடைசியில்தான் தெரிந்துகொள்கிறார்கள். காரணம் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். 1964-இல் உலக மருத்துவச் சங்கம் ஏற்ற, மனிதர்களை வைத்து நடக்கும் மருத்துவ ஆய்வுகளுக்கான ஹெல்சிங்கி பிரகடனத்தின் அடிப்படை விதிகளில் இது ஒன்று. பணம் தருவதாக இருந்தால், வந்த முறைகளுக்கு ஏற்பப் பிரித்துத் தருகிறார்களா என்று பாருங்கள். முழுதாக முடித்தால்தான் காசு என்றால், விலகும் உரிமை ஏட்டளவில்தான் இருக்கிறது.

ரகசியத்துக்கும் ஒரு எல்லை உண்டு. உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்று தெரிந்தால், ஒரு குழந்தை துன்புறுத்தப்படுவது தெரிந்தால், அவர்கள் பேசாமல் இருக்க முடியாது. அந்த எல்லை எங்கே என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

* * *

மேலே சொன்னதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்: போனில் நடக்கும் முதல் விசாரணையே ஒரு வடிகட்டி. வயது, சாப்பிடும் மருந்துகள், குடி, வலிப்பு, தலையில் பட்ட அடி, வேறு ஆய்வில் இருக்கிறீர்களா என்று வரிசையாகக் கேட்பார்கள். சேர்த்துக்கொள்ள வேண்டுமே என்று ஒன்றிரண்டை மறைப்பவர்கள் உண்டு. மருந்தை மறைப்பது நேரடி ஆபத்து. ஆனால் நலமானவர் குழுவில் சேர ஒருவர் பழைய மனச்சோர்வை மறைத்தால் என்ன கெட்டுவிடும் என்று தோன்றலாம். அந்தக் குழு ஒப்பிடுவதற்கான அளவுகோல். அதில் கலப்படம் சேரச் சேர, இரு குழுக்களுக்கும் நடுவில் உண்மையாகவே இருக்கும் வித்தியாசம் சுருங்கி, ஒன்றுமில்லை என்ற முடிவு வந்துவிடும்.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். மனச்சோர்வு மருந்து ஆய்வில் சேர, சோர்வின் கடுமையைக் காட்டும் மதிப்பெண் இவ்வளவுக்கு மேல் இருக்க வேண்டும் என்று ஒரு வரம்பு வைத்திருப்பார்கள். சேர ஆசைப்படுபவர் கொஞ்சம் கூட்டிச் சொல்வார். ஆள் கிடைக்காமல் தவிக்கும் ஆய்வு மையமும் தன்னையறியாமல் கூட்டிப் போடும். அடுத்த வாரமே அந்தக் கூடுதல் கரைந்துவிடும். மருந்து சாப்பிட்டவர், வெற்று மாத்திரை சாப்பிட்டவர் இருவருமே நன்றாகிவிட்ட மாதிரி கணக்கு காட்டும். வேலை செய்யும் மருந்துகூட இதனால் தோற்றுப்போக வாய்ப்புண்டு. இதைத் தடுக்கத்தான் சில ஆய்வுகளில் வரம்பு என்னவென்று மையத்துக்கே சொல்ல மாட்டார்கள். எத்தனையாவது வருகை என்று தெரியாத ஒருவர் தொலைவிலிருந்து போனிலோ வீடியோவிலோ பேட்டி எடுப்பார்.

* * *

பேட்டி, கேள்வித்தாள் பக்கத்திலிருந்து சில விஷயங்கள்.

மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 என்ற தாளில் 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. அது கேட்பது கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி. அதே மனச்சோர்வை அளக்க 1960-இல் வெளிவந்த ஹாமில்டன் அளவுகோலில் 17 அம்சங்கள். பயிற்சி பெற்றவர் நேரில் கேட்டு மதிப்பெண் போடுவார், பொதுவாகக் கடந்த ஒரு வாரத்தைப் பற்றி. பெரும்பாலோர் சறுக்குவது இந்தக் கால அளவில்தான். அன்று காலை மனம் எப்படி இருந்ததோ, அதையே இரண்டு வாரத்துக்கும் பரப்பிவிடுகிறார்கள். வருவதற்கு முதல் நாள் இரவு, தூக்கம், பசி, வேலை, அழுகை எந்தெந்த நாளில் எப்படி இருந்தது என்று நாலு வரி குறித்து வைத்துக்கொண்டால் போதும்.

போன முறை என்ன சொன்னோம் என்று நினைவுபடுத்திப் பொருத்திச் சொல்லாதீர்கள். பேட்டி எடுப்பவர் நல்ல மனிதர், அவருக்காகவாவது கொஞ்சம் தேறியதாகச் சொல்வோம் என்ற எண்ணமும் வேண்டாம். தேறவில்லை என்றால் தேறவில்லை. அந்தப் பதில் யாரையும் புண்படுத்தாது, ஆய்வுக்கு வேண்டியதே அதுதான்.

வாய் வறட்சி, குமட்டல், மயக்கம் போன்ற பக்கவிளைவுகளை ஒருங்கிணைப்பாளரிடமோ டாக்டரிடமோ உடனே சொல்ல வேண்டும். மதிப்பெண் போடுபவரிடம் சொல்லக் கூடாது. சொன்னால் இவருக்கு உண்மையான மருந்துதான் போயிருக்கிறது என்று அவர் ஊகித்துவிடுவார். அதன் பிறகு அவர் போடும் மதிப்பெண்ணை நம்ப முடியாது. சைலோசைபின் (சில காளான்களில் உள்ள, மாயக்காட்சி தரும் பொருள்) ஆய்வுகளுக்குப் பெரிய தலைவலியே இதுதான். சாப்பிட்டது எது என்பது சாப்பிட்டவருக்கே ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடுகிறது.

பிஎச்க்யூவின் 9-வது கேள்வி சாவு பற்றிய எண்ணங்களைப் பற்றியது. பயந்து 0 என்று போட்டுவிடுபவர்கள் அதிகம். அங்கே வேறு எண்ணைப் போட்டால், பயிற்சி பெற்ற ஒருவர் தனியாக உட்கார்ந்து விரிவாகக் கேட்பார்: எண்ணம் மட்டுமா, திட்டம் உண்டா, வழி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா. பதிலுக்கு ஏற்பப் பாதுகாப்புத் திட்டம் எழுதுவது, டாக்டர் பார்ப்பது, தேவைப்பட்டால் அவசர சிகிச்சை என்று போகும். எண்ணம் வந்தது என்று சொன்ன மாத்திரத்தில் யாரையும் பிடித்து அட்மிட் செய்துவிடுவதில்லை. தயவுசெய்து இதில் கட்டாயம் உண்மையை எழுதுங்கள்.

* * *

அடுத்து உமிழ்நீர், ஸ்கேன் விஷயம்.

மன அழுத்தத்தில் கூடும் கார்டிசால் என்ற ஹார்மோனைப் பார்க்க வீட்டிலேயே உமிழ்நீர் எடுக்கச் சொல்வார்கள். கண் விழித்தவுடன் ஒன்று, பிறகு 15, 30, 45 நிமிடங்களில் ஒவ்வொன்று என்பது வழக்கம். விழித்த 30 முதல் 45 நிமிடத்துக்குள் கார்டிசால் உச்சத்துக்குப் போய் இறங்கும். முதல் குழாயை கால் மணி தாமதமாக எடுத்தால் ஏற்றத்தில் ஒரு பகுதி காணாமல் போய்விடும். முடியும் வரை பல் துலக்கக் கூடாது. ஈறில் கசியும் ரத்தம் கலந்தால் அளவு கூடும். காபியும் சாப்பாடும் கூடாது. தாமதமாகிவிட்டால் உண்மையான நேரத்தையே எழுதுங்கள். தாமதமான மாதிரியைக் கணக்கில் சரிசெய்ய முடியும், பொய் நேரத்தை எதுவும் செய்ய முடியாது. சில குப்பிகளின் மூடி, திறந்த நேரத்தைப் பதிவு செய்துவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1993-இல் வெளியான ஒரு மன அழுத்தச் சோதனை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. முகத்தில் சலனமே காட்டாத நடுவர்கள் முன் 5 நிமிடம் பேச்சு, பிறகு 5 நிமிடம் மனக்கணக்கு. ஏற்கெனவே அதைச் செய்தவர் என்றால் சொல்லிவிடுங்கள். மறுமுறை செய்யும்போது பலருக்கும் கார்டிசால் முன்போல் ஏறாது. நடுவர்களின் அந்த முகம் ஏற்பாட்டின் பகுதி, உங்கள் மீதான தீர்ப்பு அல்ல. முடிந்ததும் அதை விளக்கிச் சொல்ல வேண்டியது ஆய்வாளரின் கடமை. விளக்கம் கேட்காமல் எழுந்து போகாதீர்கள்.

எம்ஆர்ஐ என்றால் பேஸ்மேக்கர், காதுக்குள் பொருத்திய கருவி, கண்ணில் எப்போதோ தெறித்த இரும்புத் துகள் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். பச்சை குத்தியது சூடாகலாம். மஸ்காராவில் இரும்பு ஆக்சைடு இருக்கும், அது படத்தில் கறையாக விழும். வெள்ளி இழை சேர்ந்த உடற்பயிற்சி உடைகளும் வேண்டாம். உள்ளே சத்தம் 100 டெசிபெல்லைத் தாண்டும்; காதடைப்பான் சரியாக உட்காரவில்லை என்றால் தொடங்கும் முன்பே சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். சில மில்லிமீட்டர் தலை அசைந்தாலே அந்தப் பகுதி வீணாகக்கூடும். அதனால் முன்கூட்டியே கழிப்பறை போய்விட்டு வாருங்கள். கையில் தரும் பந்தை அழுத்தினால் வெளியே எடுத்துவிடுவார்கள். தாங்க முடியாதபோது அழுத்தத் தயங்காதீர்கள். இது நோய் கண்டுபிடிக்கும் ஸ்கேன் அல்ல. தற்செயலாக ஏதாவது தென்பட்டால் கதிரியக்க டாக்டர் பார்ப்பாரா, உங்களுக்குச் சொல்வார்களா என்பது ஆய்வுக்கு ஆய்வு மாறும்.

மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் இஇஜிக்கு முடியை அலசி, எண்ணெயும் கண்டிஷனரும் இல்லாமல் போக வேண்டும், அவ்வளவுதான்.

போன் ஆப் ஆய்வுகளில் நாளுக்குப் பல முறை மணி அடித்து மனநிலையைக் கேட்பார்கள். தவறவிட்டதை இரவில் மொத்தமாக நிரப்பாதீர்கள். மனம் மிகவும் தாழ்ந்த நேரத்தில்தான் பலர் போனைத் திருப்பி வைத்துவிடுகிறார்கள். ஆய்வுக்கு அந்த நேரத்துப் பதில்தான் அதிகம் தேவை.

* * *

மருந்து ஆய்வில் சேருபவர்களுக்கு: சேருவதற்காகப் பழைய மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். உடம்பிலிருந்து மருந்து வெளியேற அதன் அரை ஆயுளைப் (உடம்பில் உள்ள அளவு பாதியாகக் குறைய ஆகும் காலம்) போல் ஐந்து மடங்கு காலம் என்பது பொதுக் கணக்கு. ஃப்ளூவாக்செட்டின் என்ற மனச்சோர்வு மருந்துக்கு 5 வாரம் விடுவார்கள், அது உடம்பில் மாறி உண்டாகும் பொருள் அவ்வளவு மெதுவாக வெளியேறும். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், மின்சாரம் தாக்கியது போன்ற அதிர்வு, தூக்கக் கேடு வரலாம். நிறுத்திய சில நாட்களிலேயே இவை தொடங்கினால் விலகல் அறிகுறியாக இருக்கலாம். பழைய நோய் திரும்புவதற்குப் பெரும்பாலும் வாரங்கள் ஆகும். எதுவானாலும் டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

மீதி மாத்திரைகளையும் காலி அட்டைகளையும் ஒவ்வொரு முறையும் கொண்டு போங்கள், எண்ணிப் பார்ப்பார்கள். டோஸ் தவறியிருந்தால் அதைச் சொல்லுங்கள், மாத்திரையைத் தூக்கி எறிந்து கணக்கைச் சரிக்கட்டாதீர்கள். ஆய்வு அட்டை எப்போதும் பர்ஸில் இருக்கட்டும். விபத்தில் வேறு ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால், நீங்கள் சாப்பிடுவது எது என்று ரகசியக் குறியீட்டை உடைத்துப் பார்க்க அதில் உள்ள எண் தேவை.

மருந்தை நிறுத்துவதும் ஆய்விலிருந்து விலகுவதும் வேறு வேறு. ஒத்துக்கொள்ளவில்லை என்று மருந்தை நிறுத்திய பிறகும் பேட்டிகளுக்கு மட்டும் வந்துபோகலாம். அப்படி வருபவர்களின் தகவல் மிகவும் மதிப்புள்ளது. அவர்கள் இல்லாவிட்டால் மருந்து ஒத்துக்கொண்டவர்கள் மட்டுமே கணக்கில் மிஞ்சுவார்கள்.

கடைசி வருகைக்கு முன்பே இரண்டைக் கேட்டு எழுதி வாங்குங்கள். ஆய்வு முடிந்ததும் யார் உங்களைத் தொடர்ந்து பார்ப்பார், பலன் தந்த மருந்து தொடர்ந்து கிடைக்குமா. நீங்கள் சாப்பிட்டது எது என்பது பொதுவாகக் கடைசி ஆளும் முடித்து, கணக்கும் பூட்டப்பட்ட பிறகுதான் தெரியவரும். முகவரி மாறினால் ஒருங்கிணைப்பாளருக்குச் சொல்லி வையுங்கள், அதைத் தெரிவிக்கும் கடிதம் பழைய வீட்டுக்குப் போய்விடக் கூடாது.