நடிகமணி வைரமுத்துவை மேடையில கொண்டுவாறது எப்பிடி?

காங்கேசன்துறையான்:

எல்லாருக்கும் வணக்கம். எங்கட யாழ்ப்பாணத்து இசை நாடக நடிகர் நடிகமணி வி. வி. வைரமுத்துவைப் பற்றி ஒரு நாடகம் போட நினைக்கிறம், அதுக்கு உங்களிட்ட யோசினை கேட்க வந்தனான். போன வருசம் கனடாவில மகளிட்டப் போயிருந்தன். ஒரு சனிக்கிழமை பின்னேரம் அவ என்னை ஒரு இசை நாடகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனா. பாற்ஸி கிளைன் எண்ட அமெரிக்கக் கன்ட்ரி பாட்டுக்காரியைப் பற்றினது. ஊர் ஊராப் போய்ப் போடுற குழு. அந்தப் பாட்டுகள் ஒண்டும் எனக்கு முன்னம் தெரியாது.

மேடையில கதாபாத்திரம் ரெண்டே ரெண்டுதான். ஒருத்தி பாற்ஸியாப் பாடுறா. மற்றது லூயிஸ் சீகர் எண்ட ரசிகை, உண்மையா இருந்த மனிசி. 1961 இல ஹூஸ்ரனில பாற்ஸி பாட வந்த மண்டபத்தில சந்திச்சு, அண்டிரவே தன்ர வீட்டை கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பாடு குடுத்தவ. பிறகு கடிதம் எழுதிக்கொண்டிருந்தவை. 1963 பங்குனியில பாற்ஸி விமான விபத்தில செத்துப்போனா, வயசு 30. கதை முழுக்க லூயிஸின்ர வாயாலதான் வருது. பாற்ஸி கதைக்கிறது கொஞ்சம், பாடுறதுதான் கூட. 27 பாட்டாம்.

பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மாவிட்டபுரத்துப் பக்கத்துக் கோயில் வீதி ஒண்டு நினைவுக்கு வந்திட்டுது. எனக்கு எட்டு வயசு இருக்கும். மணலில பாய் விரிச்சுச் சனம். நடிகமணியின்ர நாடகக் குழு வசந்த கான சபா போட்ட மயான காண்டம், அரிச்சந்திரன் கதையில சுடலையில நடக்கிற பகுதி. சந்திரமதி பாம்பு கடிச்ச பிள்ளையைச் சுமந்து சுடலைக்கு வர, காவல் நிற்கிற அரிச்சந்திரன் கால்பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கேட்பான். தன்ர பெண்சாதி எண்டு அவனுக்குத் தெரியாது. அப்பா என்னை மடியில வைச்சிருந்தவர். என்ர உச்சந்தலையில சூடாத் தண்ணி விழுந்தது. ஆச்சியின்ர செத்தவீட்டிலயும் அழாத மனிசன்.

நடிகமணி 1924 இல பிறந்து 1989 இல போனவர். அடுத்த வருசமே எங்கட ஊர்ச் சனம் இடம்பெயர்ந்திட்டுது. அவரை நேர பார்த்த ஆக்கள் வயசு போய்க்கொண்டிருக்கினம். எங்கட வாசிகசாலைப் பெடியள் அஞ்சு பேர் என்னோட நிற்கினம். ஒண்டரை மணித்தியால நாடகமாச் செய்து, வானில ஏத்திக்கொண்டு ஊர் ஊராப் போடுவம் எண்டு யோசினை.

என்ர கேள்வி இதுதான். நடிகமணியா ஒரு பெடியன் வேசம் கட்டலாமோ? அவரைப் போலப் பாடப்போனால் மிமிக்ரியாப் போயிடுமோ எண்டு பயமாக் கிடக்கு. மயான காண்டத்தில எதை எடுக்கிறது, எதை விடுறது?

சுருதிப்பெட்டி:

அண்ணை, நான் இருபது வருசம் டிறாமாக்களுக்கு ஆர்மோனியம் வாசிச்சனான். முதல் சொல்லுறது, சுருதியை இறக்காதேங்கோ. மைக் இல்லாத காலத்தில கடைசிப் பாயில இருக்கிறவனுக்கும் கேட்கவேணும் எண்டு உச்சத்தில பாடிப் பழகின மரபு இது. பெடியனுக்கு எட்டேல்லை எண்டு ரெண்டு கட்டை இறக்கினால் விருத்தம் பஜனை மாதிரிப் போயிடும். எட்டுற பெடியனைத் தேடுங்கோ. முகம் அவரைப் போல இருக்கத் தேவையில்லை. அவற்ற குரலைப் பிடிக்கவும் போகவேண்டாம். வசனத்தில இருந்து பாட்டுக்கு ஏறுற இடத்தையும், பாட்டு முடிய மூச்சோட வசனத்துக்கு இறங்குற இடத்தையும் பிடிச்சால் காணும்.

கீபோட்டும் வேண்டாம், முன்னமே பதிஞ்ச இசையும் வேண்டாம். பெட்டி, மிருதங்கம், தாளம். மூண்டு பேரும் சனம் பார்க்க மேடையோரம் இருக்கட்டும். நடிகன் ஒரு வரியை நீட்டினால் அவன்ர வாயைப் பார்த்துத்தான் நாங்கள் விடுறது, பிடிக்கிறது.

மல்லிகைப்பந்தல்:

ஐயா, அந்த லூயிஸ் மாதிரி ஒரு ஆள் எங்கட வீட்டிலயே இருக்கிறா, என்ர அம்மம்மா. கோயில் டிறாமாவுக்கு வாற ஆக்களுக்கு அவை வீட்டிலதான் இடியப்பமும் சொதியும். விடியப்புறம் வேசம் கலைக்கத் தேங்காயெண்ணெய் கேட்டு வருவினமாம். ஒருக்கால் சந்திரமதியா வந்தவர் சீலையோட பின் வளவில நிண்டு பீடி பத்தினதை அம்மம்மா கண்டிட்டா. அவவுக்கு ரெண்டு நாள் சாப்பாடு இறங்கேல்லையாம். அந்தச் சந்திரமதிக்காக விடிய விடிய அழுதவவெல்லோ.

கதை சொல்லுறது ஒரு மனிசியா இருக்கட்டும். நல்லாப் பாடுறவவைப் போடாதேங்கோ. குசினியில வேலை செய்துகொண்டு முணுமுணுக்கிற மாதிரி அவ ரெண்டு வரி தொடங்க, மேடையின்ர மற்றப் பக்கத்தில அரிச்சந்திரன் அதே வரியை உச்சத்தில எடுக்கவேணும்.

ஸ்காபரோத் தம்பி:

அண்ணை, பாற்ஸி நாடகம் ரெட் சுவின்ட்லி 1988 இல எழுதினது. அதை அப்பிடியே தமிழாக்கிப் போடுறதெண்டால் உரிமை வாங்கவேணும். ரசிகை ஒருத்தி கதை சொல்லுற வடிவத்தை மட்டும் எடுத்தால் பிரச்சினையில்லை. ஆனா எழுதத் தொடங்க முன்னம் நடிகமணியின்ர குடும்பத்தாரிட்டப் போய் வெத்திலை வைச்சுக் கேளுங்கோ.

அரிச்சந்திரன் கதையில நாடு போனதும் பெண்சாதியை வித்ததும் கதை சொல்லுற மனிசி ரெண்டு நிமிசத்தில சொல்லிப்போடலாம். சுடலைக்கு வந்தாப் பிறகு ஒரு வரியும் வெட்டாதேங்கோ.

காங்கேசன்துறையான்:

எல்லாருக்கும் நன்றி. சுருதிப்பெட்டி அண்ணை சொன்னதைப் பெடியளுக்கு வாசிச்சுக் காட்டினன். வேசம் கட்ட இருந்தவன் தானே எழும்பி, "எனக்கு எட்டாது ஐயா, தம்பிக்கு எட்டும்" எண்டு சொன்னான். தம்பிக்குப் பத்தொன்பது வயசு, தேவாரம் பாடுறவன். அவன் நடிகமணி எண்டு சொல்லிக்கொண்டு வரமாட்டான், அரிச்சந்திரனாத்தான் வருவான். நடிகமணி அந்த மனிசியின்ர கதையில இருப்பார்.

தாலி வாற இடத்தை முழுசா வைக்கிறம். சந்திரமதியின்ர தாலி புருசனைத் தவிர ஆற்ற கண்ணுக்கும் தெரியாது. அதை வித்தாவது காசு கொண்டுவா எண்டு காவல்காரன் சொல்லேக்கதான் அவன்தான் தன்ர புருசன் எண்டு அவளுக்கு விளங்கும். அப்பா அழுததும் அதிலதான். அந்த நேரம் கதை சொல்லுறவ ஒண்டும் சொல்லாமல் சனத்துக்குள்ள இறங்கிப் பாயில இருக்கட்டும்.

மல்லிகைப்பந்தல் பிள்ளை, வாற ஞாயிறு நாலு மணிக்கு முதல் ஒத்திகை. அம்மம்மாவுக்கு ஏலுமெண்டால் வான் அனுப்புறன். சாய்மனைக் கதிரையும் போட்டு வைக்கிறன். விலாசத்தைத் தனிமடலில போடுங்கோ.