தவீத்தின் ரோம் படங்களைப் படி எடுக்கும்போது: மை கரைகிறது, நிழல் சேறாகிறது

கேள்வி (வரைபலகை):
பிரெஞ்சு ஓவியர் ழாக் லூயி தவீத் 1775 முதல் 1780 வரை ரோமில் தங்கிப் பழைய சிலைகளையும் புடைப்புச் சிற்பங்களையும் பார்த்து வரைந்த பயிற்சிப் படங்களில் ஒன்றைப் படி எடுக்கிறேன். பேனாக் கோடு, மேலே சாம்பல் வாஷ் (தண்ணீர் கலந்த மைப் பூச்சு). தூரிகை பட்டதும் கோடு கரைந்து ஓடுகிறது. நாலு பூச்சுக்குள் நிழல் சேறாகிவிடுகிறது. ஓரத்தில் இரண்டு சுருக்கொப்பங்களும் (பெயரின் முதலெழுத்துகள்) இருக்கின்றன. அவற்றையும் வரையலாமா?

பதில் 1 (மைக்கூடு):
சாதாரண ஃபவுண்டன் பேனா மை பெரும்பாலும் தண்ணீரில் கரையும். அரக்கு கலந்த இந்தியன் இங்க் வாங்கி, தொட்டு எழுதும் நிப்பால் போடுங்கள். ஃபவுண்டன் பேனாவில் மட்டும் ஊற்ற வேண்டாம், அரக்கு அடைத்துக்கொள்ளும். குறைந்தது ஒரு மணி நேரம் காயவிட்டு வாஷ் கொடுங்கள்.

சேறாவதற்குக் காரணம், பாதி காய்ந்த பூச்சுமேல் திரும்பக் கை வைப்பது. இரண்டே கிண்ணம் போதும்: ஒரு துளி மைக்கு 20 துளி தண்ணீர், இன்னொன்றில் 8 துளி. வெளிர் நிழலை ஒரே மூச்சில் பரப்பி, முழுக்கக் காய்ந்ததும் அடர்ந்ததை ஆழமான இடத்தில் மட்டும் வையுங்கள். தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனம், வழவழப்பானது. நனைத்து, நாலு பக்கமும் பசை டேப் ஒட்டிக் காயவைத்தால் சுருங்காது.

பதில் 2 (கட்டம்போடு):
மைக்கு முன்னால் கோட்டைச் சரிசெய்யுங்கள். இந்தப் படங்களின் உயிர் வெளிக்கோட்டில்தான். கருப்புச் சாக் குச்சியால் மெலிதாக உருவம் பிடித்து, அதன்மேல்தான் பேனா. அளவு பிசகாமலிருக்க இரண்டிலும் கட்டம் போட்டு, கட்டம் கட்டமாக மாற்றுங்கள்: மூலத்தில் 2 செ.மீ. கட்டம், உங்கள் தாளில் 3 செ.மீ. என்றால் படி ஒன்றரை மடங்கு. 'ஹொரேஷியர்களின் சபதம்' (1784) ஓவியத்துக்கான முன்வரைவுகளிலும் தவீத் கட்டம் போட்டிருக்கிறார். உடலை நிர்வாணமாக வரைந்த பிறகுதான் துணி. மடிப்பிலிருந்து தொடங்கினால் முழங்கால் எங்கே என்றே தெரியாமல் போகும், பெரும்பாலான படிகள் கெடுவது அங்கேதான்.

பதில் 3 (பழந்தாள்):
சுருக்கொப்பங்கள் தவீத்துடையவை அல்ல. 1825இல் அவர் இறந்தபின் மகன்கள் யூஜீனும் ழூலும் இட்டவை: ஒன்று ஈ.டி., மற்றது ஜே.டி. அவர் ஒட்டிச் சேர்த்திருந்த பெரிய தொகுப்புகளைப் பிரித்து 12 ஆல்பங்களாக்கி 1826இல் ஏலத்துக்குக் கொண்டுவந்தார்கள். அவை இப்போது லூவ்ர் உட்படப் பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. படியில் அந்தச் சுருக்கொப்பங்களை வரையவே கூடாது, நாளை அது போலியாகக் கை மாறும். மூலத்தின் அளவையும் விட்டு வேறு அளவில் வரைந்து, பின்பக்கம் மையால் 'தவீத்தைப் பார்த்து' என்றும் உங்கள் பெயர், தேதியும் எழுதுங்கள். பென்சில் வேண்டாம், அழித்துவிடலாம்.