கைலியின் வெள்ளைக் கட்டத்தில் சிவப்பு ஏறுகிறது: குறை சாயத்திலா, அலசலிலா?

குடியாத்தம் தறிக்காரன்:
அனைவருக்கும் வணக்கம். 40ஆம் நம்பர் பருத்தி நூலுக்கு வீட்டிலேயே சாயமேற்றிக் கைலி நெய்கிறேன். ரியாக்டிவ் சாயம் என்று சொல்லிக் கடையில் கொடுத்த அடர்சிவப்பை உப்பும் சலவைச் சோடாவும் சேர்த்து ஏற்றி, மூன்று முறை பச்சைத் தண்ணீரில் அலசினேன். ஆயினும் நெய்த துணியை முதன்முறை துவைத்தபோதே வெள்ளைக் கட்டங்கள் ரோஜா நிறமாகிவிட்டன. மீந்த சாயத்தில் ஒரு பட்டுத் துணியையும் ஒரு பாலியஸ்டர் துணியையும் நனைத்துப் பார்த்தேன். பட்டில் மங்கலாகப் பிடித்தது, பாலியஸ்டரில் பிடிக்கவேயில்லை. சாயத்தில் கலப்படமா, என் கைப்பக்குவத்தில் குறையா?

பழைய பட்டறைக்காரர்:
தம்பி, நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அலசல்தான் போதவில்லை. சோடா சேர்ந்ததும் ரியாக்டிவ் சாயம் பருத்தியோடு வேதிப் பிணைப்புக் கொள்ளும். ஆனால் அதே நேரத்தில் ஒரு பகுதி தண்ணீரோடு வினைபுரிந்து, இனி நூலோடு ஒருபோதும் இணைய முடியாத வெறும் நிறமாக நூலின் மேல் தங்கிவிடும். பச்சைத் தண்ணீர் அதை முழுதாக இறக்காது. முதலில் பச்சைத் தண்ணீரில் நன்றாக அலசி உப்பைப் போக்குங்கள், ஏனெனில் உப்பு இருக்கும்வரை அந்த நிறம் நூலைவிட்டு வராது. பிறகு, கொதிநிலையை நெருங்கிய சோப்புத் தண்ணீரில் 10 முதல் 15 நிமிடம் போட்டு எடுத்து, தண்ணீர் தெளியும்வரை திரும்பச் செய்யுங்கள். நம் பக்கத்துப் போர்த் தண்ணீர் பல இடங்களில் கடினமானது. சோப்பு நுரைக்காத தண்ணீரில் இந்த வேலை பாதியில்தான் நிற்கும். சோடா கலந்து மீந்த சாயத்தையும் எடுத்து வைக்காதீர்கள், அதன் வீரியம் அப்போதே குறையத் தொடங்கிவிடும்.

ஆரணிப் பட்டுக்காரர்:
அண்ணன் சொன்னது பருத்திக்குச் சரி. பட்டு புரதநார் என்பதால் அதற்கு ஆசிட் சாயம்தான் எங்கள் வழக்கம். சோப்பில் வேகவைத்துப் பசையை நீக்கிய பட்டை, அசிட்டிக் அமிலம் சிறிது சேர்த்த சாயத் தண்ணீரில் இட்டு, சூட்டை மெல்ல மெல்ல 85 டிகிரி வரை ஏற்றுவோம். அவசரப்பட்டால் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். கடுமையான சோடா பட்டின் மினுமினுப்பைக் கெடுக்கும். பாலியஸ்டருக்கு டிஸ்பர்ஸ் சாயமும், அழுத்தக் கலத்தில் 130 டிகிரி அளவு சூடும் வேண்டும். வீட்டு அண்டாவில் அதற்கு ஆசைப்பட வேண்டாம்.

வாலாஜா வாசகர்:
அடிக்கடி துவைக்கும் கைலிக்கு வாட் சாயமே உகந்தது என்பது என் கட்சி. காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோஸும் (சோடியம் ஹைட்ரோசல்பைட் தூள்) சேர்த்தால் கரைந்து நிறம் மாறி நூலுக்குள் ஏறும். காற்றில் உலர்த்தும்போது கரையாத பழைய நிறத்துக்கே திரும்பிவிடும். அவுரி நீலமும் இந்த இனம்தான்: தொட்டியில் மஞ்சள் கலந்த பச்சையாக இருந்து, வெளியே எடுத்ததும் கண்ணெதிரே நீலமாவதை எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது. காஸ்டிக்கைக் கையுறையில்லாமல் தொட வேண்டாம்.

குடியாத்தம் தறிக்காரன்:
நன்றி ஐயா. மீதியிருந்த சாயமேற்றிய நூல் சிட்டம் (நூற்கட்டு) ஒன்றை இன்று சொன்னபடியே கொதிசோப்பில் போட்டேன். நான்காவது தண்ணீர் தெளிந்துவிட்டது. வெள்ளைத் துணியை ஈரமாக்கித் தேய்த்தும் நிறம் ஒட்டவில்லை. இனி பாவு (தறியின் நீளவாட்டு நூல்) ஓட்டுமுன் எல்லாச் சிட்டத்தையும் இப்படியே அலசப்போகிறேன்.