2 அடி உப்புத்தண்ணீர் தொட்டி: கையில் இருக்கும் கேனிஸ்டரே போதுமா, ஸ்கிம்மர் வாங்கித்தான் ஆகணுமா?

வைகைக்கரை:
வணக்கம். மதுரையில் இருந்து எழுதுகிறேன். கப்பி, மோலி, ஏஞ்சல் என்று நன்னீர் மீன்கள் பல வருஷமாக வளர்க்கிறேன். இப்போது கடல் மீன் மேல் ஆசை வந்துவிட்டது. 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத்தில் ஒரு தொட்டி காலியாகக் கிடக்கிறது, ஏறத்தாழ 55 லிட்டர் பிடிக்கும். இரண்டு கோமாளி மீன், ஒரு இறால், கொஞ்சம் நத்தை, அவ்வளவுதான் திட்டம். பவளம் எதுவும் வேண்டாம்.

கடைக்காரர் கேனிஸ்டர் (தொட்டிக்கு வெளியே குழாயால் இணைக்கும் மூடிய ஃபில்டர்), யூவி லைட் (தண்ணீரில் கிருமியைக் கொல்லும் விளக்கு), ஸ்கிம்மர் (கழிவை நுரையாக்கி எடுக்கும் கருவி), சம்ப் (கீழே வைக்கும் ஃபில்டர் தொட்டி) என்று ஒரு பட்டியலே எழுதிக் கொடுத்தார். கூட்டிப் பார்த்தால் தொட்டி விலையைப் போல் பல மடங்கு. நன்னீருக்கு ஓட்டிய கேனிஸ்டர் ஒன்று வீட்டில் சும்மா இருக்கிறது. அதையே மாட்டினால் என்ன? எங்கள் தெருவில் கரண்ட் அடிக்கடி போகும், இன்வெர்ட்டரில் ஒரு ஃபேனும் ஒரு லைட்டும்தான் இருக்கிறது. அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

முத்துநகர்வாசி:
தாராளமாகப் போடலாம் சார். தூத்துக்குடியில் நான் கேனிஸ்டரில்தான் ஓட்டுகிறேன். ஒன்றே ஒன்று, வாரம் தவறாமல் திறந்து கழுவ வேண்டும். எனக்கு ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை இல்லை, அதனால் நடக்கிறது.

உப்புக்கை:
சென்னையில் கிளினிக், ஆபீஸ் தொட்டிகளைப் பராமரிப்பதுதான் என் பிழைப்பு. மேலே அண்ணன் சொன்னதில் "வாரம் தவறாமல்" என்ற இரண்டு வார்த்தைதான் முக்கியம். எத்தனை பேர் செய்கிறார்கள்? கேனிஸ்டர் மூடிய பெட்டி. மீன் எச்சமும் தின்னாத தீனியும் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளேயே கிடந்து மட்கி நைட்ரேட்டாக மாறும். தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெரியும், ஆனால் டெஸ்ட் கிட்டில் நைட்ரேட்டின் நிறம் ஏறிக்கொண்டே போகும்.

உங்கள் ஊர் கரண்ட்டைச் சொன்னீர்கள் அல்லவா, கேனிஸ்டரை நான் வேண்டாம் என்பதற்குப் பெரிய காரணமே அதுதான். மோட்டார் நின்றதும் உள்ளே இருக்கும் பாக்டீரியா அந்தப் பெட்டிக்குள் மிச்சமிருக்கும் ஆக்சிஜனைத் தின்று தீர்த்துவிடும். பல மணி நேரம் நின்றுபோன கேனிஸ்டரைத் திறந்தால் அழுகின முட்டை நாற்றம் முகத்தில் அடிக்கும். கரண்ட் வந்ததும் அந்தத் தண்ணீர் அப்படியே தொட்டிக்குள் போகும். இரவில் நடந்தால் காலையில் மீனைப் பார்க்க வேண்டியதில்லை.

இன்னொரு கேள்வி. அந்தக் கேனிஸ்டர் ஓடிய காலத்தில் மீனுக்கு காப்பர் கலந்த மருந்து எப்போதாவது ஊற்றினீர்களா? ஊற்றியிருந்தால் உள்ளே இருக்கும் செராமிக் ரிங், ஸ்பாஞ்ச் எல்லாம் குப்பைக்குத்தான். காப்பர் அதில் ஊறியிருக்கும். மீன் தாங்கிவிடும், இறாலும் நத்தையும் தாங்காது.

சரி, எது போடுவது? கடல் தொட்டியில் உண்மையான ஃபில்டர் கல்தான். துளை நிறைந்த கல்லில் குடியேறும் பாக்டீரியாதான் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்குகிறது. நன்னீரிலும் இதே கதைதான், ஆனால் கடல் தண்ணீரின் பி.ஹெச். 8.1 முதல் 8.4 வரை இருக்கும். பி.ஹெச். ஏற ஏற அம்மோனியாவின் விஷமும் ஏறும். கப்பி சமாளித்த அளவு இங்கே செல்லாது.

லைவ் ராக் (பாக்டீரியா ஏற்கெனவே குடியேறிய கல்) என்று யாராவது கடலில் இருந்து எடுத்த பவளக் கல்லை நீட்டினால் வாங்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளம் இருக்கிறது, வீட்டில் வைத்திருப்பதே குற்றம். கடல் தொட்டிக்கென்று செய்த செராமிக் கல் கிடைக்கிறது, 5, 6 கிலோ போதும். அதில் பாக்டீரியா பிடிக்க 4 முதல் 6 வாரம் ஆகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும்வரை மீன் வாங்கக் கூடாது. இந்த ஆறு வாரப் பொறுமைதான் பலரிடம் இல்லை, அதற்குப் பதிலாக மெஷின் வாங்குகிறார்கள்.

கல்லோடு, தொட்டி விளிம்பில் மாட்டும் ஹேங்-ஆன் ஃபில்டர் ஒன்று. மணிக்கு 500, 600 லிட்டர் தள்ளுகிற, பெட்டி பெரிதாக இருக்கிற மாடலாகப் பாருங்கள். கூட வரும் கார்ட்ரிட்ஜைத் தூக்கிப் போட்டுவிட்டு, கீழே செராமிக் ரிங், மேலே ஃபில்டர் வூல் வையுங்கள். வூலை மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை மாற்றினால் அழுக்கு மட்குவதற்கு முன்பே வெளியே போய்விடும். ரிங்கை மட்டும் குழாய்த் தண்ணீரில் கழுவிவிடாதீர்கள். தொட்டியில் இருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசினால் போதும். தண்ணீர் மேலிருந்து விழுவதால் மேற்பரப்பில் படியும் எண்ணெய்ப் படலமும் உடையும். மூலையில் தண்ணீரைச் சுழற்றிவிடும் சின்ன வேவ்மேக்கர் ஒன்று வைத்தால் கல்லுக்குப் பின்னால் குப்பை தேங்காது.

ஸ்கிம்மர் நல்ல சாமான்தான். நுண்ணிய குமிழிகளில் கரிமக் கழிவு ஒட்டிக்கொண்டு நுரையாக மேலே ஏறி, கப்பில் டிக்காஷன் நிறத்தில் சேரும். அந்த நாற்றத்தை ஒரு தடவை முகர்ந்தால் இத்தனை நாளும் இதுவா தண்ணீரில் இருந்தது என்று தோன்றும். ஆனால் உங்கள் தொட்டியில் கல் போக நிற்பது 50 லிட்டருக்கும் குறைவு. வாரம் 10 லிட்டர் மாற்றினால் ஐந்தில் ஒரு பங்கு கழிவு வாளியோடு போய்விடுகிறது. லிட்டருக்கு 35 கிராம் என்றால் வாரத்துக்கு 350 கிராம் உப்பு. இரண்டு கோமாளிக்கு இது தாராளம். யூவி இப்போது வேண்டாம். சம்ப் 3 அடிக்கு மேல் தொட்டி வைக்கும்போது யோசிக்கலாம்.

மிச்சமாகும் பணத்தில் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று. கரண்ட் போனதும் தானாக ஓடும் வகையாக வாங்குங்கள்.

பாரிவீட்டுக் கடல்:
உப்புக்கை அண்ணா சொல்வதில் எனக்கு ஒரு மாற்றுக்கருத்து உண்டு. ஸ்கிம்மரை அழுக்கு எடுக்கும் கருவியாக மட்டும் பார்க்கிறீர்கள். அது தண்ணீருக்குள் காற்றைக் கலக்கிறது. நன்னீரைவிடக் கடல் தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் குறைவு, சூடு ஏறினால் இன்னும் குறையும். மே மாதம் என் தொட்டி 31 டிகிரி போகும்போது விடிகாலையில் மீன் மேலே வந்து வாய் திறப்பது ஸ்கிம்மர் வைத்த பிறகுதான் நின்றது. மதுரை வெயிலுக்கு யோசித்துச் சொல்லுங்கள்.

உப்புக்கை:
நியாயமான பேச்சுதான் தங்கச்சி. ஆனால் அந்த வேலைக்கு முதலில் ஒரு சின்ன ஃபேன். தொட்டி மூடியை எடுத்துவிட்டு மேற்பரப்பில் காற்றுப் படும்படி வைத்தால் 2, 3 டிகிரி இறங்கும். அதனால் தண்ணீர் வேகமாக ஆவியாகும். உப்பு ஆவியாகாது, அதனால் குறைந்த அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டும். உப்புத்தண்ணீர் ஊற்றினால் அடர்த்தி ஏறிவிடும். கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, தினமும் காலையில் அந்தக் கோடு வரை ஊற்றுங்கள். ஃபேன் வைத்தும் 30-க்குக் கீழே வரவில்லை என்றால் ஸ்கிம்மர் வாங்குங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை.

வைகைக்கரை:
மிக்க நன்றி எல்லோருக்கும். காப்பர் மருந்து ஊற்றிய ஞாபகம் இருக்கிறது, ஆகவே கேனிஸ்டர் நன்னீர்த் தொட்டிக்கே போகட்டும். ஹேங்-ஆன் வாங்குகிறேன். கடைசியாக ஒன்று: ராமேஸ்வரம் அடிக்கடி போவேன், கேனில் கடல் தண்ணீர் பிடித்து வரலாமா? உப்பு விலை கடிக்கிறது.

முத்துநகர்வாசி:
வரலாம் சார், நானும் கடல் தண்ணீர்தான். படகுத்துறை, சாக்கடை சேரும் இடம் பக்கம் பிடிக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் மழைத்தண்ணீர் கலந்து உப்பு குறைந்திருக்கும், அளக்காமல் ஊற்ற வேண்டாம். மூடிய டிரம்மில் வெளிச்சம் படாமல் சில வாரம் வைத்து, அடியில் தங்கின வண்டலைக் கலக்காமல் மேல் தண்ணீரை மட்டும் எடுங்கள்.

உப்புக்கை:
தண்ணீரின் அடர்த்தியை ஹைட்ரோமீட்டரில் அளந்தால் 1.025 காட்டணும். முள் வைத்த ஹைட்ரோமீட்டர் என்றால் முள்ளில் ஒட்டியிருக்கும் குமிழியைத் தட்டிவிட்டுப் பாருங்கள், குமிழி இருந்தால் கூட்டிக் காட்டும். மீன் எடுக்கும்போது தொட்டியிலேயே பொரித்து வளர்த்த கோமாளியா என்று கேளுங்கள். கடலில் பிடித்ததைவிட அது சீக்கிரம் தீனிக்கு வரும்.